பரிந்துரைக் கடிதம் உங்கள் மேசையில் காத்திருக்கிறது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் வகுப்புப் பொறுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இளநிலை மாணவர்களுக்கான ஆய்வு உதவித்தொகைகளுக்கும், ஆய்வோடு தலைமைப் பயிற்சியையும் சேர்த்துத் தரும் திட்டங்களுக்கும் நம் இரு மாவட்டத்துப் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்களை வாசித்துத் திருத்திக் கொடுப்பவர்கள் நாங்கள். அந்த வேலையில் தெளிவாகத் தெரிந்த ஒன்றை உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அறிவுக் குறைவால் விழுவதில்லை. கல்லூரி மட்டுமே செய்து தரக்கூடிய சில காரியங்கள் நேரத்துக்கு நடக்காததால் விழுகின்றன. அந்தக் காரியங்கள் எவை, எங்கே தடுக்கிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்பதைத்தான் இந்த மடலில் எழுதுகிறோம். இதைத் துறைக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்தால் மிகவும் மகிழ்வோம்.

முதலில் காலம். கோடையில் நடக்கும் ஆய்வுக்குக் கோடையில் விண்ணப்பிக்க முடியாது. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே முடிந்துவிடும். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. போன்றவற்றின் கோடைத் திட்டங்கள் அதற்குப் பின் வரும் மாதங்களில் வரிசையாக அறிவிக்கப்படும். நம் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் இவை ஏறும்போது பல நேரம் பொங்கல் விடுமுறை கழிந்திருக்கும். முதல் கதவு அதற்குள் மூடியிருக்கும். ஆண்டுக்கு ஆண்டு தேதியும் மாறும். போன ஆண்டுத் தேதியையோ வாட்ஸ்அப்பில் வரும் படத்தையோ நம்பாமல், அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைப் பார்க்கும் பழக்கத்தை வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அக்டோபரில் விண்ணப்பிக்க ஒரு மாணவரிடம் மூன்று இருக்க வேண்டும்: சொந்தமாகக் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வுக் கேள்வி, குறையில்லாத சான்றுகள், தன்னை வேலையில் பார்த்த ஓர் ஆசிரியர். கேள்வி உருவாக மூன்று நான்கு மாதம் பிடிக்கும். எனவே கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் இந்தப் பேச்சு தொடங்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் சொன்னால், பட்டம் முடியப்போகும் பிள்ளைக்குப் பல திட்டங்களில் தகுதியே போய்விடும்.

எந்தத் திட்டம் யாருக்கு என்பதில் குழப்பம் நிறைய. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவரின் கைக்கு. 20,000 கோடை ஆய்வுக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் மேல் 1 விழுக்காட்டுக்குள் வந்து, அடிப்படை அறிவியலில் பட்டம் படிப்பவருக்கு உரியது. பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு இல்லை. முதலாண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். ஆகவே சேர்க்கை நாளன்றே மதிப்பெண்ணைப் பார்த்து, தகுதியுள்ள பிள்ளையை அடையாளம் காண உங்கள் அலுவலகத்தால்தான் முடியும். கிடைத்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது: ஒவ்வோர் ஆண்டும் கோடை ஆய்வைச் செய்து, வழிகாட்டியின் சான்றோடு அறிக்கை தர வேண்டும். அதைச் செய்யாதவருக்குத் தொடர்த்தொகை நின்றுபோகும். பணம் நின்ற பிறகு காரணம் தேடி அலைவதைவிட, மார்ச் மாதமே ‘யாரிடம் செய்யப்போகிறாய்’ என்று ஓர் ஆசிரியர் கேட்டுவிட்டால் போதும்.

வெளிநாட்டுத் திட்டங்களில் லெய்ட்லா அறக்கட்டளையின் இளநிலை ஆய்வு மற்றும் தலைமைத்துவ உதவித்தொகை பற்றி மாணவர்கள் அதிகம் கேட்கிறார்கள். ஒரு கோடையில் ஆய்வு, மறு கோடையில் ஒரு சமூகத்தோடு களத்தில் தலைமைப் பணி என்பது அதன் அமைப்பு. ஆனால் அதன் கூட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏற்கெனவே சேர்ந்து படிப்பவர்தான் விண்ணப்பிக்க முடியும். இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் இரவு பகலாகக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் உண்டு. தகுதி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்: எந்த ஆண்டு மாணவர், எந்தப் படிப்பு, எந்த நிறுவனம், வயது, அரியர் இருக்கலாமா. பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டும். விண்ணப்பிக்கவே பெருங்கட்டணம் கேட்கும் ‘உதவித்தொகை’ எதையும் தொடவே வேண்டாம்.

இன்னொரு தவறான பேச்சும் உலவுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் மாணவி வேறு எதற்கும் போடக் கூடாது என்கிறார்கள். பிற உதவித்தொகை பெற்றாலும் இந்தத் தொகை உண்டு என்று அரசு அறிவிப்பிலேயே இருக்கிறது. தயவுசெய்து வகுப்பில் இதை உரக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஆய்வுக் கேள்விக்கு வருவோம். விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு’ என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. தேர்வுக்குழு அதைப் படித்ததும் அடுத்த தாளுக்குப் போய்விடும். ‘ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் திறந்த கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் புளோரைடு அளவில் எவ்வளவு வேறுபாடு? மழைக்குப் பின் அந்த வேறுபாடு குறைகிறதா?’ என்று கேட்டால் அது கேள்வி. ஏன் வேறுபடலாம் என்பதற்கு மாணவரிடம் ஒரு காரணமும் இருக்க வேண்டும்: கருங்கல், நைஸ் பாறைகளில் புளோரைடு கொண்ட கனிமங்கள் உண்டு, ஆழத்தில் நீர் பாறையோடு நெடுநாள் ஒட்டிக் கிடக்கிறது, கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த நீரில் புளோரைடு அதிகம் கரைந்து நிற்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. அதற்குப் பிறகும் மாட்டுக்கும் வயலுக்கும், சில வீடுகளில் சமையலுக்கும் போர் தண்ணீர்தான் ஓடுகிறது. எனவே கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்தது முறை. இங்கேதான் நம் பிள்ளைகள் ஒரே வரியில் ‘மாதிரிகள் சேகரித்து ஆய்வு செய்யப்படும்’ என்று முடித்துவிடுகிறார்கள். கணக்கோடு எழுதச் சொல்லுங்கள். 10 திறந்த கிணறு, 10 ஆழ்துளைக் கிணறு, மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்றால் 40 மாதிரி. ஒவ்வொன்றையும் இருமுறை அளந்தால் 80 அளவீடு. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பாலிஎத்திலீன் பாட்டில். எடுக்கப்போகும் நீராலேயே மூன்று முறை அலச வேண்டும். போர் மோட்டாரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய நீர் போன பிறகுதான் பிடிக்க வேண்டும். பாட்டிலின் மேல் தேதி, கிணற்றின் ஆழம், இருப்பிடக் குறியீடு ஆகியவற்றை எழுத வேண்டும். பி.எச்., மின்கடத்துத்திறன் இரண்டையும் அங்கேயே அளந்துவிட வேண்டும். புளோரைடு மின்முனையில் அளப்பதானால் மாதிரிக்குச் சம அளவு டிசாப் கரைசல் சேர்க்க வேண்டும். அது பி.எச். அளவை 5-க்குச் சற்று மேலே நிறுத்தி, அலுமினியத்தோடும் இரும்போடும் பிணைந்திருக்கும் புளோரைடை விடுவிக்கும். மின்முனை இல்லாத கல்லூரியில் ஸ்பாட்ன்ஸ் நிறமானி முறை செய்யலாம். ஆனால் படிகாரம் போட்டுச் சுத்திகரித்த நீரில் மிஞ்சிய அலுமினியம் இருந்தால் அந்த முறை அளவைக் குறைத்துக் காட்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதத் தெரிந்த பிள்ளையை எந்த ஆய்வகமும் கூப்பிடும். எங்கே பிழை வரும் என்று யோசித்திருக்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும்.

நாற்பது மாதிரியும் அக்டோபருக்குள் முடிய வேண்டியதில்லை. ஐந்து கிணறுகளின் முன்னோட்ட அளவு கையில் இருந்தாலே விண்ணப்பத்தின் தரம் மாறிவிடும். இதற்கு வேண்டியது வாரத்தில் ஒரு பிற்பகல் லேப் திறந்திருப்பது, ஓர் ஆசிரியரோ உதவியாளரோ கூட இருப்பது. பிராக்டிகல் நேரம் தவிர ஆய்வகம் பூட்டியே கிடக்கும் கல்லூரியிலிருந்து ஆய்வு மாணவர் உருவாவது கடினம்.

வேதியியலுக்கு மட்டும் இந்த வாய்ப்பு என்று நினைக்க வேண்டாம். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை எழும்பும் காட்சி எல்லோரும் அறிந்தது. அணைக்கு மேலும் கீழும் கரைந்த ஆக்சிஜன் காலையிலும் மாலையிலும் எப்படி மாறுகிறது என்பது ஓர் இளநிலை மாணவர் அளக்கக்கூடிய கேள்வி. தாவரவியல் பிள்ளைகளுக்குப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வந்த பையூர் 2 கொள்ளையும் வீட்டில் வைத்திருக்கும் நாட்டுக்கொள்ளையும் ஒரே மண்ணில், ஒரே நாளில் விதைத்து வேர்முடிச்சுகளை எண்ணலாம். தமிழ், வரலாறு படிப்பவருக்கு இரு மாவட்டத்திலும் நடுகற்கள் கொட்டிக் கிடக்கின்றன. மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்ற கணிப்பு 2022-இல் வெளிவந்த பிறகு இந்த மண்மேல் வெளியாரின் கவனமும் கூடியிருக்கிறது. ஒரு வட்டத்தில் உள்ள நடுகற்களின் உயரம், அகலம், தடிமன், பார்க்கும் திசை, வீரனின் ஆயுதம், கூட உள்ள விலங்கு, எழுத்து வரிகள் என்று ஒரே படிவத்தில் பதிவுசெய்து, படத்தில் அளவுகோல் வைத்து, சாய்வெயில் விழும் காலையிலோ மாலையிலோ எடுத்தால் அது உண்மையான ஆய்வுத் தரவு. எழுத்தின்மேல் சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ தடவக் கூடாது. மைப்படி எடுப்பது, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது, தொல்லியல் துறையின் அனுமதியோடு மட்டும்.

நோக்க அறிக்கை பெரும்பாலும் சில நூறு சொற்களுக்குள் அடங்க வேண்டும். வரம்பு அறிவிப்பிலேயே இருக்கும். 300 சொல் இருந்தால் ஏறத்தாழ 80 சொல்லில் கேள்வியும் அது ஏன் முக்கியம் என்பதும். 120 சொல்லில் இதுவரை செய்தது, கிடைத்த எண், வராமல் போனது. மீதி 100 சொல்லில் இந்த ஆய்வகத்தில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும், அது ஏன் தம் கல்லூரியில் முடியாது என்பது. ‘சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்கும் வரியை அடித்துவிடுங்கள். அதை எல்லோரும் எழுதுகிறார்கள். ஒருவரைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளை முதலில் தமிழில் எழுதட்டும். பொருள் தெளிந்த பிறகு, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி என்று சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றட்டும். இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ எடுத்து ஒட்டிய பத்தி, பக்கத்திலுள்ள சொந்த வாக்கியத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும். நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். ஆங்கில இலக்கணத்தைத் திருத்துங்கள், குரலைத் திருத்தாதீர்கள்.

இந்த மடலின் நடுப்பொருள் பரிந்துரைக் கடிதம். மாணவரே எழுதி வர, ஆசிரியர் கையெழுத்திடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஒரே கடிதம் பெயர் மட்டும் மாறி ஆறு பேருக்குப் போகிறது. ஆறும் ஒரே குழுவின் மேசைக்கு வந்தால் ஆறு பிள்ளைகளும் சேர்ந்து வெளியே போகிறார்கள். ‘நல்லொழுக்கம் உள்ளவர், கடின உழைப்பாளி, எதிர்காலத்தில் சிறக்க வாழ்த்துகிறேன்’ என்பது நடத்தைச் சான்றிதழுக்கு உரிய வாசகம். ஆய்வுக்குழு அறிய விரும்புவது வேறு: எத்தனை செமஸ்டராக, எந்த வகையில் இவரை அறிவீர்கள்? எந்தச் சூழலில் இவர் யோசித்ததை நேரில் பார்த்தீர்கள்? வகுப்பில் இவர் எங்கே நிற்கிறார்? எதில் இன்னும் வளர வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கு ஒரு மாதிரி தருகிறோம். ‘பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் அளவீடுகள் ஒத்துவராதபோது, ஒத்துவந்ததாக ரெக்கார்டில் எழுதிக்கொள்ளாமல், பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழி நிற்பதைக் கண்டுபிடித்து, அதை வெளியேற்றி முழுவதையும் மறுபடி செய்தார்.’ இப்படி ஒரு வாக்கியம், ஒரு பக்கப் புகழுரையைவிடக் கனமானது. வகுப்பு இடத்தைச் சொல்லும்போது ‘மிகச் சிறந்த மாணவர்’ என்பதற்குப் பதில் ‘55 பேரில் செய்முறையில் முதல் ஐவரில் ஒருவர், எழுத்துத் தேர்வில் நடுவில்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். குறையைச் சொன்னால் வாய்ப்புக் கெட்டுவிடும் என்ற அச்சம் வேண்டாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவார், எழுதித் தரச் சொன்னால் தெளிவாக எழுதுவார் என்று நீங்கள் எழுதிவைத்தால், நேர்காணலில் அந்தத் தயக்கத்தை அறியாமை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் எழுத வேண்டும் என்பதும் முக்கியம். பதவியைப் பார்த்து முதல்வரிடமோ துறைத்தலைவரிடமோ மாணவர்கள் ஓடுகிறார்கள். ஆனால் லேப்பில் கூட நின்றவர் பல துறைகளில் கௌரவ விரிவுரையாளர்தான். பிள்ளையை அறிந்தவரின் கடிதமே வேலை செய்யும். அவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இல்லாததால், தனிப்பட்ட முகவரியிலிருந்து வரும் கடிதத்தைச் சில போர்ட்டல்கள் ஏற்பதில்லை, ஏற்றாலும் ஐயத்தோடு பார்க்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் உள்பட எல்லா ஆசிரியர்களுக்கும் கல்லூரிப் பெயரில் மின்னஞ்சல் கொடுங்கள். எங்கள் வேண்டுகோள்களில் செலவு மிகக் குறைந்ததும் பயன் மிகப் பெரியதும் இதுதான்.

நடைமுறையில் கடிதம் தவறுவது பெரும்பாலும் கடைசி மூன்று நாளில். மாணவர் போர்ட்டலில் ஆசிரியரின் முகவரியை இட்டதும் தானாக ஓர் இணைப்பு போகும். அது ஸ்பேம் பெட்டியில் விழும். அல்லது முகவரியில் ஓர் எழுத்துப் பிழையால் எங்கும் போகாது. விண்ணப்பத்துக்கு ஒரு நாள், கடிதத்துக்கு இன்னொரு நாள் என்று இரண்டு கடைசித் தேதி இருந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். கடிதம் வராத விண்ணப்பத்தைப் பல இடங்களில் திறந்தே பார்ப்பதில்லை. ஆகவே மூன்று வாரம் முன்பே மாணவர் ஆசிரியரிடம் ஒரு பக்கத் தகவல் தாள் தர வேண்டும்: திட்டத்தின் பெயர், இரு கடைசித் தேதிகள், நோக்க அறிக்கை, மதிப்பெண்கள், ஆசிரியரிடம் படித்த தாள்கள். இணைப்பு அனுப்பிய அன்றே வந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நினைவூட்ட ஆசிரியரை அணுகும் பிள்ளையைத் தொந்தரவு என்று எண்ணாதீர்கள்; நம் பிள்ளைகள் ஆசிரியர் அறை வாசலில் நிற்கவே கூச்சப்படுபவர்கள்.

சான்றுகளில் முதல் சிக்கல் இன்ஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘கவிதா மு’, ஆதாரில் ‘கவிதா முருகன்’, வங்கியில் ‘மு. கவிதா’ என்றிருந்தால் போர்ட்டல் மூன்று ஆள் என்று எடுத்துக்கொள்ளும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன இடுவது என்று தெரியாமல் ஊர்ப் பெயரை இட்டவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை முதலாண்டிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள்; ஆதார் திருத்தமும் வங்கித் திருத்தமும் முடிய வாரக்கணக்கில் ஆகும். அடுத்தது வங்கிக் கணக்கு. முழு அடையாள ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்ட முடியாது. 60,000 ரூபாய் உதவித்தொகை அதில் ஏறாது. அப்படிப்பட்ட கணக்கை முழுக் கணக்காக மாற்றி, ஆதாரோடு இணைத்து, இடையில் ஒரு பரிவர்த்தனையாவது செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் ஆகஸ்டிலேயே வாங்கிவிட வேண்டும். கடைசி வாரத்தில் விண்ணப்பித்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

மதிப்பெண் பட்டியல் அச்சாகி வர நாளாகும். அதுவரை இணையத்தில் வந்த முடிவைப் பதிவிறக்கி, முதல்வரோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரோ சான்றொப்பமிட்டுத் தந்தால் பெரும்பாலும் ஏற்பார்கள். போனஃபைடு சான்றில் ‘இக்கல்லூரி மாணவர்’ என்று மட்டும் இருந்தால் போதாது. படிப்பு, நடப்பு ஆண்டு, படிப்பு முடியும் மாதம், பயிற்றுமொழி, கோடையில் ஆய்வுக்குச் செல்லக் கல்லூரிக்கு மறுப்பில்லை என்ற வரி ஆகிய ஐந்தும் ஒரே தாளில் இருக்கும்படி ஒரு மாதிரி வடிவத்தை அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். விண்ணப்பித்த மூன்று வேலைநாளில் அது கைக்குக் கிடைக்கட்டும். அரூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளையை ‘நாளைக்கு வா’ என்று அனுப்பினால் ஒரு நாள் வகுப்பும் போகிறது, பெற்றோர் ஒருவரின் கூலியும் போகிறது.

தலைமைத்துவம் கேட்கும் பகுதியில் நம் பிள்ளைகள் பேச்சுப்போட்டிப் பரிசையும் வகுப்புத் தலைவர் பதவியையும் பட்டியல் போடுகிறார்கள். குழு தேடுவது பதவியை அன்று. ஒருவர் ஒரு குறையைக் கவனித்தாரா, மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டாரா, அவர் விலகிய பிறகும் அந்த வேலை நிற்கிறதா என்பதைத்தான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும் எல்லோரும் முடிக்கிறார்கள். ‘முகாமில் கலந்துகொண்டேன்’ என்பது வெறும் வருகைப்பதிவு. முகாம் ஊரில் எந்தத் தெருவுக்குக் குடிநீர் வரவில்லை என்று வரைபடம் போட்டு ஊராட்சியில் கொடுத்தவர் அதைத்தான் எழுத வேண்டும். அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு வரவு செலவு எழுதித் தருவது, இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எடுத்தது, பால் சொசைட்டியில் அளவுக் குறைவைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கியது, கடைசி பஸ் நேரத்தை மாற்றக் கூட்டு மனு கொடுத்தது ஆகிய எல்லாமே தலைமைதான். இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதலாம் என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டு வேலை என்று மறைத்துவிடுகிறார்கள். எத்தனை பேர், எவ்வளவு காலம், யார் எதிர்த்தார்கள், எப்படிச் சம்மதிக்க வைத்தார், இப்போது அதை யார் நடத்துகிறார் என்று கேட்டுக் கேட்டு வெளியே கொண்டுவர ஓர் ஆசிரியரின் அரை மணி நேரம் வேண்டும்.

நேர்காணல் இருந்தால் பெரும்பாலும் காணொளியில் நடக்கும். வத்தல்மலை, சித்தேரி, பெட்டமுகிலாளம் போன்ற மலையூர்ப் பிள்ளைகள் பாறைமேல் ஏறி நின்று சிக்னல் தேட வேண்டாம். அன்று கல்லூரியில் இணைய வசதியோடு ஓர் அறையும் கதவில் ஒரு தாழ்ப்பாளும் போதும். கேள்விகள் எளியவையாகவே இருக்கும்: வெற்று மாதிரி (அளக்கும் பொருள் இல்லாத ஒப்பீட்டு மாதிரி) எதற்கு, இரு அளவீடு ஒத்துவராவிட்டால் என்ன செய்வாய், இந்தக் கிணறுகளை எப்படித் தேர்ந்தெடுத்தாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கப் பழக்குங்கள். தமிழில் விளக்கலாமா என்று கேட்பது தவறில்லை என்றும் சொல்லிவையுங்கள். துறையில் இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து இருபது நிமிட மாதிரி நேர்காணல் ஒன்று வைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

தேர்வான பிறகும் போகாமல் நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எங்களை மிகவும் வருத்துகிறது. காரணம் மூன்று. ஒன்று, உதவித்தொகை பல நேரம் பயிற்சி தொடங்கிய பிறகோ முடிந்த பிறகோதான் கைக்கு வரும். விடுதி முன்பணம், மெஸ், பயணம் எல்லாம் முதல் வாரத்திலேயே வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகமோ முன்னாள் மாணவர்களோ வட்டியில்லாத முன்பணமாகக் கொடுத்து, தொகை வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இரண்டு, செமஸ்டர் தேர்வு மே மாதம் வரை இழுத்தால் தொடக்க நாள் மோதும். திரும்பி வரும்போது அடுத்த செமஸ்டர் தொடங்கியிருக்கும். தேர்வு நாள்களை விண்ணப்பத்திலேயே ஒளிக்காமல் எழுதி, கிடைத்ததும் வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் தொடக்க நாளைப் பெரும்பாலும் தள்ளித் தருவார்கள். கல்லூரி தன் பக்கத்தில் அந்த நாள்களுக்கு ஓ.டி. (கல்லூரிக்கு வந்ததாகக் கருதும் வெளிப்பணி அனுமதி) வழங்கி, 75 விழுக்காட்டு வருகைப்பதிவு கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று, பெண்பிள்ளையைத் தனியே இரண்டு மாதம் அனுப்ப வீட்டில் அஞ்சுவது. அந்த அச்சத்தைப் பழமை என்று ஒதுக்க வேண்டாம். நிறுவனத்தின் முகவரி, விடுதிக் காப்பாளரின் தொலைபேசி எண், வழிகாட்டியின் பெயர், கல்லூரியில் பொறுப்பான ஆசிரியை யார் என்பவற்றை எழுதி, முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் பெற்றோருக்குக் கொடுங்கள். முடிந்தால் ஓர் ஆசிரியை வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். முதல்வரின் கையெழுத்துக்கு நம் ஊர்களில் இன்றும் மதிப்பு இருக்கிறது.

இவ்வளவையும் எல்லோரும் செய்ய முடியாது என்று அறிவோம். காலிப் பணியிடங்கள், தேர்வுப் பணி, நாக் தர மதிப்பீட்டு ஆவணங்கள் என்று உங்கள் மேல் இருக்கும் சுமையும் தெரியும். அதனால் ஒரு கல்லூரிக்கு ஓர் ஆசிரியரை இதற்கென நியமித்து, அவருக்கு வாரம் இரண்டு பாடவேளை குறைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறோம். அவர் பெயரும் அறை எண்ணும் நுழைவாயில் பலகையில் இருக்கட்டும். ஜூலை முதல் வாரத்துக்குள் ஒவ்வொரு துறையும் இரண்டாம் ஆண்டில் ஆய்வில் நாட்டமுள்ள நான்கைந்து பேரின் பெயரை அவரிடம் தரட்டும். மதிப்பெண் வரிசையை மட்டும் பார்க்காமல், லேப்பில் கேள்வி கேட்பவர் யார் என்று பார்த்துத் தரட்டும். ஆகஸ்டில் சான்றுகள், செப்டம்பரில் முன்னோட்ட அளவீடு, செப்டம்பர் கடைசியில் நோக்க அறிக்கையின் முதல் வரைவு. அந்த வரைவுகளைப் படித்துத் திருத்தித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம், கட்டணம் ஏதுமில்லை. கடிதத்தை மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்களின் ஆய்வு விண்ணப்பங்களைத் திருத்தி உதவும் ஆசிரியர்கள் சிலர்